பூசணிக்காயை ஏலம் எடுத்தவர்

1

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் மனைவி கிரேஸ், மகள் ஷீபா, கிரேஸோடு அதே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் லிஸி, லிஸியின் கணவர் தாமஸ், நான் வேன் ஓட்டும் கம்பெனியில் சூப்பர்வைசரான பிரபு, பிரபுவின் மனைவி, எங்கள் கட்டிலில் இரண்டு தலையணைக்கு நடுவே தூங்கிய அவர்களுடைய கைக்குழந்தை. அப்புறம், ஊரிலிருந்து விசிட் விசாவில் வந்திருந்த பிரபுவின் அப்பா ஜெயசீலன் சார். ஒன்பது பேர்.

ஒன்பதாவது ஆளை நான் கூப்பிடவில்லை. மகனைக் கூப்பிட்டால் அப்பாவும் வருவார் என்று தெரியும், ஆனாலும் அவரை என் வாயால் கூப்பிடவில்லை.

இங்கே பஹ்ரைனில் வெள்ளிக்கிழமைதான் லீவு. அதனால் எங்களுக்கு ஞாயிறு ஆராதனையும் வெள்ளிக்கிழமைதான். அன்றைக்கு ஷீபாவுக்குத் திடப்படுத்தல். ஊரில் உள்ள மற்ற மதத்து நண்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிள்ளை வளர்ந்து, இனி பெரியவர்களோடு சேர்ந்து ராப்போஜன அப்பமும் திராட்சரசமும் எடுக்கலாம் என்று சபை ஏற்றுக்கொள்கிற நாள் அது. ஆராதனை முடிந்து வீட்டில் பிரியாணி.

இரண்டு வாரத்துக்கு முன்பே கிரேஸ் என்னிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லிவிட்டாள். "உங்க காண்ட்ராக்ட் ரினியூவல் பேப்பர் பிரபு மேஜைல கிடக்கு. அவர் கையெழுத்துப் போட்டாத்தான் உங்களுக்கு வேலை. அவங்கப்பா முன்னாடி பழசையெல்லாம் கிளறினீங்க, அவ்வளவுதான்."

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பயந்த சுபாவம். ஸ்கூல் வேனில் பிள்ளைகளை ஏற்றினால் மூன்று தடவை தலை எண்ணுவேன். கேஸை மூடினோமா என்று பாதிப் படி இறங்கிய பிறகு திரும்ப ஏறுவேன். இப்படிப்பட்டவனுக்கு ஆத்திரம் வரக் கூடாது. வந்தால் அதைக் கொட்டத் தெரியாது. மடித்து மடித்து உள்ளேயே வைத்துக்கொள்வான். ஜெயசீலன் சார் மேல் எனக்கிருக்கும் ஆத்திரத்துக்கு வயது பதினேழு.

2

எங்கள் சபை தாம்பரத்துக்கும் இரும்புலியூருக்கும் நடுவில் எங்கேயோ இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேர் வேண்டாம். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தால் பிரசங்கம் கேட்காது. மறுபக்கம் எலெக்ட்ரிக் ட்ரெயின் போனால் பாட்டு கேட்காது. அந்தச் சின்னச் சபைக்குச் செகரட்டரி ஜெயசீலன் சார்.

வெள்ளை முழுக்கைச் சட்டை. மடிப்புக் கலையாது. ஜிப் வைத்த கறுப்புத் தோல் உறைக்குள் வேதாகமம். அவர் கண்ணை மூடி ஜெபிக்க ஆரம்பித்தால் பெஞ்சில் உள்ள பிள்ளைகள்கூட நெளியாது. நடுவில் ஓர் இடத்தில் குரல் உடையும். எங்கே உடையும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும், ஆனாலும் அந்த இடம் வரும்போது நாங்களும் கண்ணைத் துடைப்போம்.

என் அப்பா ஆசீர்வாதம், ஒரு காலேஜ் ஹாஸ்டலில் வாட்ச்மேன். ஆஸ்துமா வந்து வேலை போய்விட்டது. அதனால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டு லாரி க்ளீனராகப் போனேன். வீட்டில் காசு இல்லை. சபைக்கு மாதா மாதம் கட்ட வேண்டிய சந்தாவை நிறுத்தினோம். அப்பாவுக்கு அது பெரிய வெட்கம். ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் முன்னால் போய்ச் சபை கேட்டைத் திறந்து வைத்து, அங்கேயே ஓரமாக நிற்பார். சந்தாவுக்குப் பதில் அதையாவது செய்யலாம் என்று நினைத்தார் போலிருக்கிறது. ஜெயசீலன் சார் வரும்போது மட்டும் கைலியை மடித்துக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுவார். "மனுஷன்னா இவருடா" என்பார் என்னிடம்.

எங்கள் சமையல் கொட்டகையின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைமேல் அந்த வருஷம் ஒரு பூசணிக்கொடி படர்ந்தது. அதில் ஒரு காய் மட்டும் எங்களுக்கே பயமாக இருக்கும் அளவு பெருத்தது. கூரை தாங்காதென்று கீழே முட்டுக் கொடுத்தோம். அம்மா பாதியை விற்கலாம் என்றாள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "சந்தாதான் குடுக்க முடியல. இத்த குடுத்துடலாம்" என்று அறுப்பின் பண்டிகைக்குத் தூக்கி வரச் சொன்னார். நான் தோளில் வைத்துத் தூக்கிப் போனேன்.

அறுப்பின் பண்டிகை என்றால் வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுவந்து பீடத்துக்கு முன்னால் வைப்போம். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம். வாழைத்தார், முட்டை, கோழி, கேக், எல்லாம் விலைபோகும். ஏலத்தில் ஒரு பழக்கம் உண்டு. பொருளை உடனே எடுத்துப் போகலாம். காசு கையில் இல்லாவிட்டால் "எழுதி வெச்சுக்கோங்க" என்று சொன்னால் போதும். சபைக்குள் நம்பிக்கைதானே.

பொருளாளர் காயைத் தூக்க முடியாமல் தட்டிக் காட்டினார். "ஆசீர்வாதம் வூட்டு பூசணிக்கா! ரெண்டு ரூபா!"

"அஞ்சு ரூபா! காசு கைல கீது, இப்பவே வாங்கிக்கோ!" கேட்டுக்கு வெளியிலிருந்து குரல். விக்டர் அண்ணன். கல்யாணம், சாவு, அம்மன் கோயில் ஊர்வலம் எல்லாவற்றுக்கும் பேண்டு செட்டில் ட்ரம்பெட் ஊதுகிறவர். பிரசங்க நேரத்தில் வெளியே நின்று சிகரெட் பிடிப்பார். சபையில் அவர் வீட்டுக்கு யாரும் போகமாட்டோம்.

"இன்னா விக்டரு, சரக்குக்கு சைடு டிஷ்ஷா?" என்று ஒருவர் கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"எங்க வூட்டுல ஆறு வாய் கீதுப்பா. உன் வூட்டுல ஒரே வாய்தான். ஆனா பெரிய வாய்."

அப்போது ஜெயசீலன் சார் நாற்காலியிலிருந்து எழுந்தார். சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார். "இது தேவனுக்குன்னு ஒரு ஏழை கொண்டாந்த காய். இதை அஞ்சு ரூபாய்க்கு விட முடியாது. நூத்தியம்பத்தியொன்னு."

கை தட்டல் அடங்க நேரமாயிற்று. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். "எழுதி வெச்சுக்கோங்க" என்றார் சார். அப்பா தோள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

"அடேங்கப்பா. உள்ள தங்கம் கிங்கம் வச்சிக்கீறியா ஆசீர்வாதம்?" என்று சொல்லிவிட்டு விக்டர் அண்ணன் அடுத்த சிகரெட்டைப் பற்றவைத்தார்.

அந்தக் காயை சார் வீட்டுச் சமையலறை வரைக்கும் தூக்கிப்போய் வைத்தவனும் நான்தான்.

அதற்கப்புறம் அப்பா உயிரோடு இருந்த நாளெல்லாம், மூச்சு வாங்க வாங்க, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்: "நம்ம காய் நூத்தியம்பத்தியொன்னுக்குப் போச்சு. சபைக்கு நான் குடுத்தது." சார் அந்தக் காசைக் கட்டவேயில்லை என்பது பொருளாளர் வாயாலேயே தெரு முழுக்கப் பரவியிருந்தது. அப்பா மட்டும் நம்பவில்லை. "அவரைப் பார்த்தா அப்படியா தெரியுது?" என்பார்.

அப்படித் தெரியவில்லைதான். அதுதானே விஷயம்.

3

அடுத்த வருஷம் ஒரு காலையில் அப்பா போய்விட்டார்.

எங்கள் போதகர் ஐயாவுக்கு நான்கு சபை. அன்றைக்குக் கோவளம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கூப்பிட போன் கிடையாது. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டச் செகரட்டரி சீட்டு எழுத வேண்டும்.

சார் வந்தார். அப்பாவின் தலைமாட்டில் நின்று ஜெபித்தார். குரல் உடையும் இடத்தில் உடைந்தது. பெண்கள் கதறினார்கள். ஜெபம் முடிந்ததும் என் தோளில் கைபோட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அழைத்துப் போனார்.

"சாமு, மனசைத் தேத்திக்கோ. ஒரே ஒரு விஷயம். உங்க வீட்டு சந்தா ரெண்டு வருஷத்துக்கு மேல பாக்கி. அதைக் கட்டினாத்தான் நான் சீட்டு எழுத முடியும். ரூல் அப்படி."

"சார், அடக்கம் முடியட்டும் சார், நான் எப்படியாவது…"

"எனக்கு மனசில்லையா? உனக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

பின்னாலிருந்து சாராய நெடியோடு குரல் வந்தது. "இன்னா சார், சாவு வூட்ல வந்து வசூலா?" விக்டர் அண்ணன். தெருவே கேட்கும் குரல் அவருக்கு. "அந்தப் பூசணிக்கா காசு கட்டிட்டியா நீ? அத்த மொதல்ல கட்டு. இவன் பாக்கிய அதுலயே கழிச்சிக்கலாம்."

ஒப்பாரி நின்றுவிட்டது. சார் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "குடிச்சிட்டு வந்து சாவு வீட்ல பேசாத விக்டர். அது வேற கணக்கு."

"காய தின்ன வயிறு ஒன்னு. கணக்கு மட்டும் வேறயா?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? விக்டர் அண்ணன் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "அண்ணா, சும்மா இரு அண்ணா. சீட்டு எழுதாம போயிடுவாரு."

அம்மா உள்ளேயிருந்து வந்தாள். கழுத்திலிருந்த தாலிச் சங்கிலியைக் கழற்றி என் கையில் வைத்தாள். அப்பா இன்னும் பெஞ்சில்தான் கிடந்தார். அவர் கட்டிய தாலியை அவர் மண்ணுக்குப் போகும் முன்பே கழற்ற வைத்துவிட்டார்கள்.

மார்க்கெட் பக்கத்துச் சேட்டு கடைக்கு என்னோடு வந்தது விக்டர் அண்ணன் மட்டும்தான். சேட்டு கல்லில் உரசி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேட்டு, பொணம் வூட்ல கீது. பேஜார் பண்ணாம சீக்கிரம் குடு. மனசாட்சின்னு ஒன்னு வச்சிக்கீறியா, இல்ல அத்தயும் அடகு புடிச்சிட்டியா?" சேட்டு என்ன நினைத்தாரோ, சொன்னதற்கு மேல் இருபது ரூபாய் சேர்த்துக் கொடுத்தார்.

சார் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, அழகான கையெழுத்தில் சீட்டு எழுதினார். கல்லறையில் மறுபடியும் ஜெபித்தார். மறுபடியும் குரல் உடைந்தது. எல்லாரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னவன் நான்.

சங்கிலியை மீட்க முடியவில்லை. வட்டியிலேயே மூழ்கிப்போனது.

4

கிரேஸைக் கல்யாணம் செய்து, அவள் நர்ஸ் வேலைக்கு இங்கே வந்தபோது, அவளைச் சார்ந்தவன் என்ற முத்திரையோடு நானும் மூன்று வயது ஷீபாவும் வந்தோம். எங்கள் பக்கத்தில் பேருக்கு முன்னால் அப்பா பேரின் முதலெழுத்துதான். இங்கே அது செல்லாது. குடும்பப் பேர் என்ன என்றார்கள். முழித்தேன். பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியிருந்த அப்பா பேரையே அந்த இடத்தில் போட்டுவிட்டார்கள். ஆக இந்த ஊரில் என் பேர் மிஸ்டர் ஆசீர்வாதம். பேங்க், லைசென்ஸ், மின்சார ஆபீஸ் எங்கே போனாலும் கவுன்டரில் என் அப்பா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். செங்கல்பட்டைத் தாண்டாத மனுஷன். ஒவ்வொரு தடவையும் நான் எழுந்து போகிறேன். ஒவ்வொரு தடவையும் பூசணிக்காய் ஞாபகம் வருகிறது. என்னை மறக்க விடாதது இந்த அரசாங்கம்தான்.

சரி, அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டேன்? வெள்ளைச் சட்டையை நம்பாதே, சாராய நெடியை நம்பு என்றா? அப்படித்தான் முதலில் நினைத்தேன். அப்பா போன பிறகு விக்டர் அண்ணனை அப்பா இடத்தில் வைத்தேன். அவர் என் சைக்கிளை ஒரு நாளைக்கென்று வாங்கிப்போய் விற்றுக் குடித்துவிட்டார். கேட்டதற்கு, "உன் துக்கத்துலதான் குடிச்சேன் சாமு" என்றார். சிரிப்பதா அடிப்பதா தெரியவில்லை.

இங்கே வந்தும் அதே தப்பு, வேறு பக்கமாக. தாமஸ் வாய்க்கு வாய் 'ஸ்தோத்திரம்' சொல்கிற ஆள். மலையாளத்தில் கண்ணீர்விட்டு ஜெபிப்பார். இதோ இன்னொரு ஜெயசீலன் என்று மூன்று வருஷம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஷீபாவுக்கு டைபாய்டு வந்து, எனக்கு லீவு கிடைக்காமல், கிரேஸுக்கும் டூட்டி மாற்ற முடியாமல் போனபோது, தன் சம்பளத்தை விட்டுவிட்டு ஒரு வாரம் ஷீபா பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தாமஸ். அப்போதும் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அது வேஷமே இல்லை. அவருக்கு மூச்சே அப்படி.

திடப்படுத்தல் அன்றைக்குப் பிரசங்கமும் இதைப் பற்றித்தான். மனுஷரின் வெளித்தோற்றத்தைப் பார்க்காதே, உள்ளே பார். சொல்வது சுலபம். உள்ளே பார்க்கத் தேவனுக்குக் கண் இருக்கிறது. என்னிடம் இருப்பது வேன் ஓட்ட லைசென்ஸ் வாங்கிய கண். மூன்றாவது பெஞ்சில் வெள்ளை முழுக்கைச் சட்டையில் உட்கார்ந்து, கண் மூடித் தலையாட்டிக்கொண்டிருந்தார் ஜெயசீலன் சார். எனக்குப் பல் நறநறவென்றது.

5

வீட்டுக்குள் வந்ததும் ஷீபா அவரைப் பார்த்து, "அங்கிள், நீ இங்க உட்காரு" என்று நாற்காலி போட்டாள். கிரேஸ் முகம் வெளுத்துவிட்டது. மரியாதைக் குறைவு இல்லை. அவள் பேசும் தமிழ் எங்கள் இரண்டு பேரிடம் கற்றது. நாங்கள் அவளை எப்படிக் கூப்பிடுகிறோமோ அதையே உலகத்துக்கும் திருப்பிக் கொடுக்கிறாள்.

சார் சிரித்தார். அந்தப் பழைய சிரிப்பு. "பரவாயில்ல, பரவாயில்ல. சபையில தமிழ்ல வசனம் சொன்னாளே, பார்த்தேன். இங்கிலீஷ் எழுத்துல எழுதி வெச்சுல்ல படிச்சா? வேதத்தைத் தாய்மொழில படிக்கத் தெரியாம என்னம்மா திடப்படுத்தல்? முடியும் வெட்டியிருக்கா. சாமு, நம்ம சபைல இதெல்லாம் விடுவோமா?"

"விடமாட்டீங்க சார்" என்றேன். கிரேஸ் அடுப்பங்கரையிலிருந்து என்னைப் பார்த்தாள்.

"அப்பா, விடுங்கப்பா. இப்ப எல்லாம் அப்படித்தான்" என்று பிரபு தட்டிலிருந்து தலை தூக்காமல் சொன்னான். அப்பாவோடு பேசும்போது அவன் தலை தூக்கவே இல்லை என்பதை அப்போது நான் கவனித்தேனே தவிர, யோசிக்கவில்லை.

ஷீபா முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள். அவள் முகம் சிவந்திருந்தது. வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகை வரும்போதெல்லாம் என் வாயால் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள். தாம்பரம் என்றால் அவளுக்குத் தெரிந்தது இரண்டே. வெயில், பூசணிக்காய்.

"அப்பா," என்றாள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அந்த பம்ப்கின் அங்கிள் இவர்தானா?"

லிஸி பிரியாணிக் கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டாள். பிரபு இப்போது தலை தூக்கினான். "என்ன பம்ப்கின்?"

பதினேழு வருஷமாக நான் ஒத்திகை பார்த்த இடம். வேன் ஓட்டும்போது, குளிக்கும்போது, ஆபீஸ் வரிசையில் நிற்கும்போது. கேள்வி தயாராக இருந்தது. எதிரில் ஆள் இருந்தார். சாட்சிக்கு ஆட்கள் இருந்தார்கள். ரினியூவல் பேப்பர் பிரபு மேஜையில் இருந்தது.

"ஒன்னுமில்ல பிரபு. ஊர்ல ஏதோ பழைய கதை" என்றேன்.

சார் தண்ணீர் டம்ளரை எடுத்தார். "பூசணிக்காயா? எனக்கு ஞாபகமில்லையே" என்றார். ஷீபா என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். போன வருஷமே "உங்க சர்ச்ல எல்லாரும் ஆக்ட் பண்றாங்க, நான் எதுக்கு வரணும்?" என்று கேட்டவள். கெஞ்சிக் கூத்தாடித்தான் அன்றைக்கு அவளை முழங்காலில் நிற்க வைத்தோம். இப்போது அப்பாவும் நன்றாக ஆக்ட் பண்ணுவார் என்று தெரிந்துகொண்டாள்.

6

சாப்பாடு முடிந்ததும் பிரபு சொன்னான்: "சாமு அண்ணா, நாங்க அப்படியே ஷாப்பிங் போறோம். அப்பாவ வீட்ல விட்டுடறீங்களா? கார்ல குழந்தை சீட் இருக்கு, இடம் பத்தாது." கேள்வி மாதிரி இருந்தாலும் கேள்வி இல்லை.

நல்ல வெயில். வேனில் முன் சீட்டில் சார் உட்கார்ந்தார். மனாமா நகரத்தைத் தாண்டினோம். நான் கண்ணாடியை இரண்டு தடவை சரிசெய்தேன்.

"உன் பொண்ணு என்னமோ பூசணிக்கான்னு கேட்டாளே" என்றார், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

"எங்கப்பா குடுத்த பூசணிக்கா சார். நீங்க ஏலம் எடுத்தது." கியரை மாற்றினேன். "காசு கட்டினீங்களா சார்?"

"கட்டல."

அவ்வளவுதான். பதினேழு வருஷக் கேள்விக்கு ஒரு வார்த்தை. ஞாபகமில்லை என்று அவர் சற்று முன் சொன்னதும் பொய்.

"அப்ப ஆபீஸ்ல என்னை சஸ்பெண்ட் பண்ணியிருந்தாங்க" என்றார். "தப்பு என் மேலதான். அதை விடு. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. வீட்டுக்காரிக்கே தெரியாது. தினம் காலைல சாப்பாட்டு டப்பாவோட பீச் ஸ்டேஷன் போற ட்ரெயின் ஏறுவேன். பீச்ல எறங்க மாட்டேன். அதே ட்ரெயின்ல தாம்பரம் வருவேன். மறுபடியும் பீச். சாயங்காலம் வரைக்கும் அதே. கூட்டம் குறைஞ்ச நேரம் பார்த்து டப்பாவத் திறந்து சாப்பிடுவேன்."

"அப்படியிருக்கும்போது எதுக்கு சார் நூத்தியம்பத்தியொன்னு?"

"விக்டர் அஞ்சு ரூபான்னு கேக்கலாம், அவன் கையில அஞ்சு ரூபா இருந்தது. நான் கேக்காம உட்கார்ந்திருந்தா, செகரட்டரி ஏன் இந்த வருஷம் எதுவும் எடுக்கலன்னு ஒருத்தராவது யோசிப்பாங்கல்ல? அந்த பயம்."

"சரி. சாவு வூட்ல?" என் வாயில் இரும்புலியூர் வந்துவிட்டது. "சாவு வூட்ல இன்னாத்துக்கு சார் கேட்டீங்க?"

"அடுத்தவன் பாக்கிய நான் கேட்டுக்கிட்டே இருக்கிற வரைக்கும், என் பாக்கிய யாரும் கேக்க மாட்டாங்க சாமு."

வேனை ஓரம் கட்டினேன். கை தானாக ஹேண்ட் பிரேக்கை இழுத்தது. "எங்கம்மா தாலிய கழட்டிக் குடுத்தாங்க சார். எங்கப்பா உள்ள படுத்துக்கினு இருக்கும்போதே."

"தெரியும். நீயும் விக்டரும் சேட்டு கடைல நிக்கும்போது நான் எதிர்ப்பக்கம் நின்னுட்டிருந்தேன். ரோட்டைக் கடந்து வந்து வேணாம்னு சொல்லலாம்னுதான் வந்தேன்."

"வரலியே சார்."

"வரல."

பிறகு அவர் கைகள் இரண்டும் மெதுவாக மேலே எழுந்தன. கண் மூடியது. "ஜெபம் பண்ணிக்கலாமா சாமு?" குரல் உடையத் தயாராக இருந்தது.

"வேணாம் சார்!" நான் போட்ட சத்தம் எனக்கே அந்நியமாக இருந்தது. "உங்க ஜெபம் வேணாம். போதும். எங்கப்பா பேரு ஞாபகம் இருக்கா? அத்த மட்டும் சொல்லுங்க."

கண்ணைத் திறந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டார். "ஆசீர்வாதம்" என்றார். "ஞாயித்துக்கிழமை எனக்குக் கேட்டைத் திறந்து விடுவார். என்னைப் பார்த்ததும் மடிச்சுக் கட்டின கைலிய அவுத்து விடுவார். நான் ஒரு நாள்கூட அவரை உட்காருன்னு சொன்னதில்ல."

இதைக் கேட்டதும் என் ஆத்திரம் அடங்கியது என்று எழுதினால் சபையில் சாட்சி சொல்கிற கூட்டத்துக்கு நன்றாக இருக்கும். அடங்கவில்லை. கூடியது. இவர் மறந்திருந்தால் எனக்குச் சௌகரியம். சட்டைக்குள் ஒன்றுமே இல்லாத ஆள் என்று முடித்திருப்பேன். உள்ளே பார் உள்ளே பார் என்றார்களே, பார்த்தாயிற்று. உள்ளே என்னைப் போலவே பயந்து செத்துக்கொண்டிருந்த ஒருவன் சாப்பாட்டு டப்பாவோடு ட்ரெயினில் உட்கார்ந்திருக்கிறான். அவனை நான் என்ன செய்வது? அவனுக்காக என் அம்மாவின் கழுத்தை மறக்க வேண்டுமா? அவன் பயந்தான், சரி. அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது எங்கள் வீடு. புரிந்துகொள்வது ஒன்று, சரி என்று சொல்வது வேறொன்று. முதலாவதைச் செய்துவிட்டேன். இரண்டாவதை யாரும் என்னிடம் கேட்காதீர்கள்.

வேனை எடுத்தேன். பாதி தூரம் போன பிறகுதான் ரினியூவல் ஞாபகம் வந்தது. அதே நேரத்தில் அவரும், "பிரபுகிட்ட இதெல்லாம்…" என்று ஆரம்பித்தார்.

"சொல்ல மாட்டேன் சார். நான் கத்தினத நீங்களும் சொல்லாதீங்க."

"இல்ல, இல்ல." ஜன்னல் பக்கம் திரும்பி, "அவன் என்கூடப் பேசுறதே கம்மி" என்றார்.

பிரபு வீட்டுத் தெருமுனையில் கார்டு போன் பூத் இருந்தது. அதைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். இறங்கவில்லை. வேதாகம உறையின் ஜிப்பைத் திறந்து மூடினார். "சாமு, ஒரு அஞ்சு தினார் இருக்குமா? வீட்டுக்காரிகிட்ட பேசி மூணு வாரம் ஆச்சு. பிரபுகிட்ட கேக்க ஒரு மாதிரி இருக்கு."

முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பக்கம் நூல் பிரிந்திருப்பதை அப்போதுதான் பார்த்தேன். பக்கத்துக் கடையில் நானே போய்க் கார்டு வாங்கிக் கொடுத்தேன். ஏன் வாங்கிக் கொடுத்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டு வாங்கிக் கொடுத்தேன்.

பூத் கதவு சரியாக மூடாது. எல்லாம் கேட்டது. "நல்லா இருக்கேன்… ரொம்ப நல்லா பார்த்துக்கறான். எங்க போனாலும் கார்தான்… ஆமா, வீடு பூரா ஏசி… தினம் உன்னப் பத்திதான் பேச்சு. நீ கண்ணாடிய மாத்திக்கோ, பணம் அனுப்பறேன்."

ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இதே மாதிரி ஒரு பூத்தில் நின்று என் அம்மாவிடம் நான் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

வெளியே வந்தார். காலரை இழுத்து நேராக்கினார். முகம் செகரட்டரி முகமாகிவிட்டது. என் தோளைத் தட்டி, "சீக்கிரம் திருப்பித் தந்துடறேன் சாமு. எழுதி வெச்சுக்கோ" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் ஷீபாவை எழுப்பி உட்காரவைத்து, வேனில் கேட்டது முழுக்கச் சொன்னேன். நான் கத்தியதையும் சொன்னேன். கடைசியில், "அப்போ பாக்கி எவ்வளவுப்பா?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன். பூசணிக்காய்க்குச் சபைக்கு நூற்று ஐம்பத்தொரு ரூபாய். போன் கார்டுக்கு எனக்கு ஐந்து தினார்.